அப்பா படம் சுவரில் நிற்கவே மாட்டேங்குது, அவசரம்

மலர்: இந்த வாடகை வீட்டுக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுது. ராத்திரி ரெண்டு மணிக்குப் படார்னு சத்தம். அப்பா படம் ஆணியோட பிடுங்கிட்டு விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கிடக்கு. சுவத்துல விரல் நுழையுற ஓட்டை, வெள்ளையா மாவு கொட்டுது. சனிக்கிழமை அம்மா வர்றாங்க. பெரிய ஆணியா அடிச்சா நிக்குமா?

செல்வம்: ஆணி இருக்கட்டும்மா, வீட்டுக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கினியா? என் முதல் வீட்டைக் காலி பண்ணப்போ நாலு ஓட்டைக்காக அட்வான்ஸ்ல பாதியைப் பிடிச்சுட்டாங்க. கையில காசில்லாத நேரம் அது. அடுத்த வீட்டுல ஒரு வருஷம் வெறும் சுவத்தைத்தான் பாத்துட்டிருந்தோம்.

ரவி: ஓட்டையே வேணாம், ஒட்டுப்பட்டை போதும். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல அசையாம நிக்குது.

கீதா: ஒட்டுப்பட்டையை நம்பாத தங்கச்சி. புதுசா பெயின்ட் அடிச்ச சுவத்துல ஒட்டினேன், பெயின்ட்டையும் உரிச்சுக்கிட்டு விழுந்துச்சு. ரெண்டடி தள்ளிதான் குழந்தை தூங்கிட்டு இருந்தான்.

ரவி: பெயின்ட் நல்லாக் காயாம ஒட்டினா அப்படித்தான் ஆகும்க்கா.

செல்வம்: வீடா இது, அட்டைப்பெட்டி. பக்கத்து வீட்டுல இருமினா இங்க கேக்குது. நாம டிரில் போட்டா மட்டும் உடனே புகார்.

கீதா: எங்களுக்கும் வந்த முதல் வாரமே புகார்தான். அழுதுட்டேன்.

முருகேசன்: தச்சு வேலை செய்யறவன் சொல்றேன். விரல் நுழையுற ஓட்டை, வெள்ளை மாவுன்னா அது பெரும்பாலும் ஜிப்சம் போர்டு, அதாவது ரெண்டு காகித அட்டைக்கு நடுவுல ஜிப்சத்தை இறுக்கின பலகை. கனம் பெரும்பாலும் அரை அங்குலந்தான், பின்னாடி வெத்திடம். எவ்வளவு பெரிய ஆணியும் கழண்டு வந்துரும். உள்ள மரக்கட்டை நிக்கும், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒண்ணு, சில வீட்டுல 24. ஒரு காந்தத்தை நூல்ல கட்டி சுவத்தோரமா மெதுவா நகர்த்துங்க. போர்டைக் கட்டையோட பிடிச்சிருக்கற ஸ்க்ரூ தலையில டக்குனு ஒட்டும். அதுக்கு நேர் மேலயும் கீழயும் இன்னும் ரெண்டு இடத்துல ஒட்டினா கட்டை அங்கதான். கட்டை சிக்கலைன்னா டாகிள் போல்ட் வாங்குங்க, அது உள்ள போய் இறக்கை விரிச்சுப் பிடிச்சுக்கும். சுவிட்ச், பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலயும் கீழயும் மட்டும் துளை போடாதீங்க, வயர் ஓடும். படம் எத்தனை கிலோன்னு சொல்லவே இல்லையே? எடை மெஷின்ல படத்தோட ஏறி நில்லுங்க, அப்புறம் படமில்லாம. வித்தியாசம்தான் படத்தோட எடை.

மலர்: 4 கிலோ அண்ணா. வாடகை வீடுதான், போகும்போது ஓட்டையை அடைச்சுக் கொடுத்தாப் போதும்னு வீட்டுக்காரர் மெசேஜ் போட்டுட்டார். காந்தம் ஒரே கோட்டுல மூணு இடத்துல ஒட்டுது, பழைய ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி. ஸ்க்ரூ எவ்வளவு நீளம் வாங்கணும்?

முருகேசன்: ஒன்றரை அங்குலம் போதும். முதல்ல ஸ்க்ரூவைவிட மெல்லிசா ஒரு துளை போட்டுக்கோங்க, கட்டை வெடிக்காது. தலையைக் கால் அங்குலம் வெளிய விடுங்க. மாட்டறதுக்கு முன்னாடி படத்துப் பின்னாடி இருக்கற கம்பியையும் இழுத்துப் பாருங்க, ஒருவேளை அதுவும் விட்டிருக்கும்.