இரண்டு நாளா, நான்கு நாளா?

தஞ்சை வணிகர்:
ஊழியர் சங்கத்தில் இருந்துகொண்டே வங்கிக்கு விசுவாசமாகவும் இருக்கலாம் என்று நேற்று ஒரு பெரியவர் இங்கே எழுதியிருந்தார். 2021 மார்ச்சில் நான்கு நாள் கதவைச் சாத்திவிட்டுப் போன விசுவாசம்தானே?

ஓய்வுபெற்ற மேலாளர்:
எழுதியவன் நான்தான். நான்கு நாள் அல்ல, இரண்டு. 13 இரண்டாம் சனி, 14 ஞாயிறு. வேலைநிறுத்தம் 15, 16 மட்டுமே. இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியார்மயமாக்குவோம் என்ற பட்ஜெட் அறிவிப்பை எதிர்த்து ஒன்பது சங்கங்கள் சேர்ந்து நடத்தியது. இரண்டு நாள் சம்பளமும் போனது.

தஞ்சை வணிகர்:
என் காசோலைக்கு நான்கு நாள். திங்கள்கிழமையாகப் பார்த்து வைத்தது தற்செயலாக்கும்!

ஓய்வுபெற்ற மேலாளர்:
இரண்டு. 2016 நவம்பர் 12ஆம் தேதியும் இரண்டாம் சனிதான். அன்றும் மறுநாள் ஞாயிறும் கிளையைத் திறந்து, செல்லாமல் போன பழைய நோட்டுகளைத் தலைக்கு 4,000 ரூபாய் மாற்றிக் கொடுத்தோம். நோட்டு எண்ண விரல் நனைக்கும் பஞ்சுக் கிண்ணத்துத் தண்ணீர் மதியத்துக்குள் கறுத்துவிட்டது. மாலையில் ஒரு புது 2,000 ரூபாய் நோட்டு குறைந்தது. காசாளர் வாய் பேசாமல் தன் பையிலிருந்து எடுத்து வைத்தார். எங்கள் கிளையின் சங்கச் செயலாளரே அவர்தான்.

தஞ்சை வணிகர்:
குறைந்ததா, குறைத்ததா?

ஓய்வுபெற்ற மேலாளர்:
நாக்கை அடக்குங்கள். ஈரத்துணியால் நெற்றியைக் கட்டிக்கொண்டு எண்ணியவர் அவர்.

மாதக்கடைசி:
தனியார் வங்கியில் இருக்கிறேன். சங்கம் கிடையாது, இரவு எட்டு மணிவரை இலக்கு. எங்கள் விசுவாசத்தை யாரும் கேட்பதில்லை.

கவுண்டர் மூன்று:
வைப்புநிதி போட வந்த என் அத்தையிடம் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது உங்களைப் போன்ற ஒருவர்தான்.

மாதக்கடைசி:
உங்கள் கவுண்டரில் "உணவு இடைவேளை" பலகை எத்தனை மணிக்கு இறங்கும் என்று முதலில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மேலாளர்:
பேச்சை மாற்றாதீர்கள். சனி, ஞாயிறு விடுமுறையை வேலைநிறுத்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்குகூடத் தெரியாதா? இரண்டு நாள்!

தஞ்சை வணிகர்:
என் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஐயா. 13, 14, 15, 16. விரல் விட்டு எண்ணுங்கள். பாஸ்புத்தகம் பதியப் போனால் மட்டும் இயந்திரம் பழுது என்பீர்கள்.

ஓய்வுபெற்ற மேலாளர்:
அந்த இயந்திரத்தை வாங்கியது சங்கமா? இரண்டு நாள்தான்.

கவுண்டர் மூன்று:
எங்கள் இடைவேளை அரை மணிநேரம்.

மாதக்கடைசி:
பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.