நூறு வருஷத்துக்கு ஒன்று கூட விழாததை எப்படி அளப்பது?

மன்னார்குடி மாணவன்
கல்லூரிக் கருத்தரங்கில் எனக்கு விழுந்த தலைப்பு, மீயுயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்களின் ஆற்றல் நிறமாலை, அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள்களில் எந்த ஆற்றலில் எத்தனை வருகின்றன என்ற கணக்கு. 10-இன் 20-ஆம் அடுக்கு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போனால், ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு வருஷத்துக்கு ஒன்று கூட விழாதாம். சரி, எப்படியோ பிடிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் துகள்தான் மேலேயே காற்றில் மோதிச் சிதறிவிடுகிறதே, அப்புறம் அதன் ஆற்றல் இவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தால் புரியுமா?

கல்லணை வாய்க்கால்
ஊட்டிக்குப் போங்கள் தம்பி, பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் இந்தத் தலைப்புக்கு அல்ல. அது பார்ப்பது இதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த ஆற்றலை. உங்களுக்கு வேண்டியது அர்ஜென்டினாவின் பியர் ஓஷே ஆய்வகம். 3000 சதுர கிலோமீட்டர், நம் தஞ்சாவூர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அதில் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றாக 1600-க்கும் மேல் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் 12,000 லிட்டர். சிதறிய துகள்கள் மழையாக இறங்கித் தொட்டிக்குள் பாயும்போது எழும் செரன்கோவ் ஒளியைத்தான் (தண்ணீருக்குள் ஒளியைவிட வேகமாகப் போகும் துகள் எழுப்பும் ஒளி) பதிவு செய்கிறார்கள்.

பழைய வேளாண் ஊழியன்
நாங்கள் பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து, அடித்து, எடை போட்டு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று எழுதுவோம். அதே கதைதானே?

கல்லணை வாய்க்கால்
பாதி அதேதான் சார். அந்தத் துகள் மழையின், அதாவது பொழிவின், மையத்திலிருந்து 1000 மீட்டரில் சிக்னல் எவ்வளவு என்று தொட்டிகளை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆனால் சிக்னல் என்பது ஆற்றல் ஆகிவிடாது, தராசு இருந்தும் எடைக்கல் இல்லாத நிலை. அந்த எடைக்கல்லைத் தருவது தொலைநோக்கிகள். பொழிவு இறங்கும் வழியில் காற்றிலுள்ள நைட்ரஜன் மங்கலாக ஒளிரும், மொத்த ஒளியைக் கூட்டினால் ஆற்றல் கிடைத்துவிடும் (நியூட்ரினோ, மியூவான் என்ற துகள்கள் கொண்டுபோன பங்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும்). சங்கடம் என்னவென்றால் நிலா இல்லாத, மேகம் இல்லாத இரவில்தான் இது நடக்கும், மொத்த நேரத்தில் 15 சதவீதம் கூடத் தேறாது. அதனால் இரண்டிலும் சிக்கிய பொழிவுகளை வைத்து மாற்றுக்கணக்கு போட்டு, தொட்டியில் மட்டும் சிக்கியவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அப்படியும் ஆற்றல் அளவுகோலில் 14 சதவீத ஐயம் உண்டு.

மன்னார்குடி மாணவன்
14 சதவீதம்தானே அண்ணே, பரவாயில்லையே?

கல்லணை வாய்க்கால்
அங்கேதான் இடிக்கிறது. இந்தப் பகுதியில் ஆற்றல் பத்து மடங்கு ஏறினால் அதற்கு மேல் வருபவை ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடும், ஆகவே அளவுகோல் 14 சதவீதம் நகர்ந்தால் எண்ணிக்கை 30 சதவீதம் போல நகரும். இது போக இன்னொன்று. ஊரில் நாலே முக்கால் ஏக்கர்க்காரர்கள் நிறைய, அஞ்சேகால் ஏக்கர்க்காரர்கள் குறைவு. அளக்கிற சங்கிலி முன்னே பின்னே தவறினால், அஞ்சைத் தாண்டி மேலே ஏறுகிறவர்கள் கீழே இறங்குகிறவர்களைவிட அதிகமாக இருப்பார்கள், பெரிய நிலக்காரர் பட்டியல் சும்மாவே வீங்கும். அந்த வீக்கத்தைக் கழித்த பிறகுதான் நிறமாலையை வெளியிடுகிறார்கள். 10-இன் 19-ஆம் அடுக்கு எலக்ட்ரான் வோல்ட்டைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போனால் நிறமாலையின் வளைவு சடாரென்று விழுவது அதற்குப் பிறகும் நிற்கிறது. அமெரிக்காவில் யூட்டாவிலுள்ள டெலஸ்கோப் அரே ஆய்வகமும் அந்த வீழ்ச்சியைப் பார்க்கிறது, ஆனால் இன்னும் உயரத்தில். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் கீழ்ப்பகுதியில் இருவர் வளைவும் ஒத்துப்போகிறது, உச்சியில் இன்னும் ஒட்டவில்லை.

மன்னார்குடி மாணவன்
அஞ்சு ஏக்கர் கதையை அப்படியே ஸ்லைடில் போட்டுக்கொள்கிறேன் அண்ணே. எங்கள் பேராசிரியருக்கு வயல் இருக்கிறது, உடனே புரிந்துவிடும்.