கு ஜிங்ஜோ முத்திரை உள்ள யிஷிங் கெண்டி: புதுப்பிப்பு

அடியில் சீனக் கெண்டிக் கலைஞர் கு ஜிங்ஜோவின் முத்திரை இருக்கும் பழைய மண் தேநீர்க் கெண்டி ஒன்று கிடைத்திருக்கிறது, அதை நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முத்திரையை விட்டுவிட்டு உட்புறத்தைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். பார்த்துவிட்டேன்.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் யிஷிங்கில் முழுக்கக் கையால் செய்யும் உருண்டைக் கெண்டிக்குச் சக்கரம் கிடையாது. களிமண்ணைத் தட்டிப் பட்டையாக்கி, வளைத்து ஒட்டி, மரத்தட்டியால் அடித்தடித்தே வயிற்றை உருட்டுவார்கள். ஒட்டிய தடம் பெரும்பாலும் கைப்பிடிக்குப் பின்னால் உள்பக்கம் தெரியும். என்னுடையதில் அது இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியிலிருந்து வாய்வரை சுருள் சுருளாகக் கோடுகள். சரி, இது சக்கரத்தில் வனைந்தது.

அப்புறம் கொதிநீர் ஊற்றினேன். குப்பென்று பாலிஷ் வாசம். பழசாகக் காட்ட மேலே பூசியிருக்கிறார்கள். வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரத்தில் இப்படிச் செய்வது அநியாயம். அதில் இனி தேநீர் போடமாட்டேன்.

1915 முதல் 1996 வரை வாழ்ந்த கு ஜிங்ஜோ இந்தக் கலையின் உச்சம். அவர் கெண்டிகள் ஏலத்தில் கோடிகளுக்குப் போவதால்தான் அவர் முத்திரைக்கு இத்தனை போலி. பெரிய பெயர் இல்லாத ஒன்று போதுமென்றால், 1958இல் தொடங்கிய யிஷிங் முதலாம் ஆலையின் சாதாரணக் கெண்டிகளில் தேடுங்கள். நானும் அடுத்து அங்கேதான் தேடுகிறேன்.