ராமோன்ஸ் வாசிக்க டவுன் ஸ்ட்ரோக் மட்டும்தானா?

தந்திவால்: ராமோன்ஸ்ங்கிற அமெரிக்க பங்க் ராக் பேண்டோட பாட்டை, கிட்டார்ல மேலும் கீழுமா மாத்தி அடிச்சுட்டு "மூணு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) தானே"ன்னு சொல்லிடுறாங்க. அவங்க கிட்டாரிஸ்ட் ஜானி ராமோன் கிட்டத்தட்ட எல்லாத்தையும் கீழ்நோக்கியே, அதாவது டவுன் ஸ்ட்ரோக்கா அடிச்சவர். 175 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 175 தாளத்தட்டு) எய்த் நோட்னா, அதாவது தட்டுக்கு ரெண்டு அடின்னா, நிமிஷத்துக்கு 350 அடி. அந்த அடியை எடுத்துட்டா அந்த ஸ்டைலே இல்ல.

எதிர்த்தாளம்: ஒத்துக்க மாட்டேன். 1977 டிசம்பர் 31 லண்டன் ரெயின்போ கச்சேரிப் பதிவைக் கேளுங்க, ஸ்டுடியோவை விட வேகம். புதுசா கத்துக்கிறவருக்கு மூணாவது பாட்டுலயே கை இறுகிடும், டிரம்ஸை விட்டுப் பின்தங்கிடுவார். அதுக்கு நிதானமா மாத்தி அடிக்கிறது எவ்வளவோ மேல்.

தந்திவால்: சத்தம் ஒரே மாதிரி வராதுங்க. கீழே அடிச்சா தடித்த தந்தி முதல்ல ஒலிக்கும், பார் கார்டு (ஒரு விரலைக் குறுக்கே வெச்சு அழுத்திப் பிடிக்கிற கார்டு) முழுசா வரும். மேலே வரும்போது மெல்லிய தந்தி ரெண்டு மூணுதான் மாட்டும். அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு மெலியும். கை இறுகுறது முழங்கையிலிருந்து வீசுறதாலும், பிக்கை (தந்தியை மீட்டுற சின்னத் தகடு) இறுக்கிப் பிடிக்கிறதாலும். அசைவு மணிக்கட்டுல இருக்கணும், பிக் நுனி மட்டும் தந்தியில பட்டாப் போதும். மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) 140 பிபிஎம்ல வெச்சு 3 நிமிஷம் நிக்காம அடிங்க, அப்புறம் அஞ்சஞ்சா ஏத்துங்க. வலிச்சா நிறுத்திடணும், வலியோட ஏத்தினா இறுக்கம்தான் பழகும்.

பாஸ்பக்கம்: சந்தேகம் இருந்தா 1976ல் வந்த முதல் ஆல்பத்தையே எடுங்க. பேலன்ஸை முழுக்க வலதுக்குத் திருப்பினா ஜானியோட கிட்டார், இடதுக்குத் திருப்பினா டீ டீ ராமோனோட பாஸ் கிட்டார். நாம நினைக்கிற அளவு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குறது) அதுல இல்லை. பலர் ஆம்ப்ல கெய்னை (கரகரப்பைக் கூட்டுற திருகு) கூட்டிடுறாங்க, அடிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இரைச்சலாகிடுது. கெய்னைப் பாதியாக் குறைச்சு, மிட்ஸை (நடு அலைவரிசை ஒலி) கூட்டுங்க. பாஸும் பிக்கால கீழ்நோக்கித்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தட்டினாத்தான் சுவர் மாதிரி அந்த அடர்த்தியான ஒலி எழும்பும்.

எதிர்த்தாளம்: கெய்ன் விஷயம் சரி. ஆனா டிரம்ஸை யாருமே பேசலையே? அவங்க டிரம்மர் டாமி ராமோன் முதல்ல அந்த பேண்டோட மேனேஜரா இருந்தவர். வந்த டிரம்மர்கள் யாருக்கும் அந்த எளிமை பிடிபடாததால தானே உட்கார்ந்தார். ஹை-ஹேட்ல (டிரம்ஸோட ஜோடித் தாளத்தட்டு) விடாத எய்த் நோட், ஸ்னேர் டிரம் 2வது தட்டுலயும் 4வது தட்டுலயும். அந்த ஹை-ஹேட் தளர்ந்தா கிட்டாரிஸ்ட் எந்தப் பக்கம் அடிச்சும் பிரயோஜனமில்லை.

தந்திவால்: டிரம்ஸ் முக்கியம்தான், மறுக்கல. ஆனா அந்த ஹை-ஹேட்டோட ஒவ்வொரு தட்டுக்கும் சம பலத்துல பதில் சொல்றது டவுன் ஸ்ட்ரோக்தான். மாத்தி அடிச்சா பாதி தட்டுக்குப் பதிலே வராது.

எதிர்த்தாளம்: வேகம் 200 பிபிஎம்மைத் தாண்டினா நான் மாத்தித்தான் அடிக்கச் சொல்லுவேன். பாட்டு நடுவுல நிக்கக் கூடாது.