செம்பூர் சொசைட்டி தமிழ்க் குழு: தின்னர் டின்னை எங்கே வைப்பது?

கோமதி (ஏ விங்): அனைவருக்கும் வணக்கம். பெயின்ட் வேலைக்கு வந்துள்ள தின்னர் டின்களில் சிலவற்றில் 'ஃப்ளேமபிள்' என்றும் சிலவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்றும் அச்சிட்டிருக்கிறது. இரண்டாவது வகை தீப்பிடிக்காது என்று எண்ணி, அவற்றை மட்டும் மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே அடுக்கியிருக்கிறார்கள். அது சரிதானா?

ராமநாதன் மாமா (பி விங்): சரியில்லை அம்மா, உடனே எடுக்கச் சொல்லுங்கள். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே இரண்டு சொற்களுக்கும் பொருள். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வரும் டேங்கர் லாரிகளில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் தீப்பிடிக்காது என்றா எழுதி வைப்பார்கள்?

கார்த்திக் (ஏ விங்): மாமா, 'கரெக்ட்' என்பதற்கு 'இன்கரெக்ட்' எதிர்ச்சொல்லாக இருக்கும்போது, இங்கே மட்டும் 'இன்' ஏன் பொருளை மாற்றவில்லை?

ராமநாதன் மாமா (பி விங்): இது வேறு 'இன்', தம்பி. லத்தீனில் 'இன்ஃப்ளம்மாரே' என்றால் தீமூட்டுதல்; அதன் முன்னொட்டு 'உள்ளே' என்ற பொருளில் வருகிறதே தவிர, 'இல்லை' என்ற பொருளில் அன்று. மருத்துவர்கள் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' அதே வேரில் பிறந்தது. நாமும் அழலிலிருந்துதானே அழற்சி என்கிறோம்! ஆங்கிலத்தில் மூத்த சொல் 'இன்ஃப்ளேமபிள்'தான். ஆனால் அதை நம் பெயின்டர்களைப் போலத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்று எழுதும்படி வலியுறுத்தியது. தீப்பிடிக்காத பொருளை 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள்.

விஜயா அக்கா (சி விங்): தின்னரில் திரவத்தைவிட ஆவியே அதிக ஆபத்தானது. அது காற்றைவிடக் கனமானது என்பதால், மூடி இறுகாத டின்னிலிருந்து கசிந்து தரையோடு பரவி, சற்றுத் தள்ளியுள்ள பொறியிலும் பற்றிக்கொள்ளும். மீட்டர் பெட்டியில் பொறிக்கா பஞ்சம்? ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு டின்னில் உள்ள படத்தைக் காட்டுங்கள். சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் இருந்தால், எழுத்து எதுவானாலும் எச்சரிக்கை ஒன்றுதான்.

கோமதி (ஏ விங்): மிக்க நன்றி. எல்லா டின்களையும் காம்பவுண்டு ஓரத்தில் உள்ள காற்றோட்டமான ஷெட்டுக்கு மாற்றும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். காலி டின்கள் மட்டும் மீட்டர் பெட்டிகளுக்குக் கீழேயே இருக்கலாமா?

விஜயா அக்கா (சி விங்): கூடாது, கோமதி. அடியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு தின்னரே காலி டின்னை ஆவியால் நிரப்பிவிடும். அவற்றையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.