சோற்றை நிறுத்திவிட்டு மேட்டில் ஓடினால் சர்க்கரை ஏறுவது ஏன்?

செம்மண்மேடு:
வணக்கம். எனக்கு வயது 46. மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே செம்பனை ஆலையில் வேலை. இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அதற்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட் மாத்திரைகளை உட்கொள்கிறேன். ஆறு வாரங்களாகச் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் அடியோடு விட்டுவிட்டு, பசியாறுவது முதல் இரவுச் சாப்பாடு வரை முட்டை, மீன், தெம்பே (புளிக்கவைத்த சோயா), கங்கோங் கீரை என்றே இருக்கிறேன். மாலையில் பழைய லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் உள்ள மேட்டில் முப்பது விநாடி முழு வேகத்தில் ஏறி, நடந்தே இறங்கி, மறுபடியும் ஏறுவேன். எட்டு முறை, வாரத்தில் ஆறு நாள். இடுப்புவாரில் இரண்டு துளை குறைந்துவிட்டது. ஆனால், ஓடுமுன் 6.8 (மில்லிமோல்/லிட்டர்) ஆக இருக்கும் சர்க்கரை ஓடி முடித்ததும் 9.4 ஆகிறது. மாவுச்சத்தே சாப்பிடாதவனுக்கு அது எங்கிருந்து வருகிறது? மேடு ஏறும்போது கால் கனக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால் தலையும் சுற்றுகிறது.

பயிற்றுநர், ஈப்போ:
அது உங்கள் கல்லீரலிலிருந்து வருகிறது, அண்ணா. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது அட்ரினலின் சுரக்கும். கல்லீரல் தன் கையிருப்பை இரத்தத்தில் கொட்டும். தசைகள் அதே வேகத்தில் அள்ளிக்கொள்ள முடியாததால் கருவியில் எண் ஏறுகிறது. இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் பார்த்தால்தான் பயிற்சியின் பலன் தெரியும். சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கும். அதன் பிறகும் ஓரிரு நாள் வரை இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கும். ஆகவே, ஆறு நாள் ஓட வேண்டிய தேவையே இல்லை.

கால் கனப்பதற்குக் காரணம் வேறு. முழு வேக ஓட்டத்துக்குத் தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன்தான் முதன்மை எரிபொருள். அதைச் சாப்பாட்டால் நிரப்பாமல் தினமும் காலி செய்கிறீர்கள். கொழுப்பை எரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும். 2017இல் வெளியான, விளையாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர் லூயிஸ் பர்க் குழுவின் ஆய்வில், உயர்தர நடைப்போட்டி வீரர்களே மாவுச்சத்தை மிகவும் குறைத்தபோது, அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜனைச் செலவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் மேடு ஏறுங்கள். மற்ற நாள்களில் சாப்பிட்ட பின் நடந்தால் போதும்.

மருந்தாளர்:
ஓட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது கிளிக்லசைட்தான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியன்று, நீங்கள் சோறு தின்றாலும் தின்னாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். சோறும் இல்லாமல், ஓட்டமும் சேர்ந்தால், இரவில்கூட சர்க்கரை 4க்குக் கீழே போகலாம். தலை சுற்றும்போதே சோதித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த தவணைக்குக் காத்திராமல் இந்த வாரமே கிளினிக்கில் உணவு மாற்றத்தைச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை தருவதாக இருந்தால் சோற்றை நிறுத்தியதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால், சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு.

சோதித்தும் சர்க்கரை சரியாக இருந்தால், உப்புக் குறைவாக இருக்கலாம். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடும். இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவரானால் உப்பைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் ஓட்டத்தை அப்போதே நிறுத்திவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, என் அப்பா தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் (ஆள் கணக்கெடுப்புக்குப்) போய், மதியம் வரை பால்மரம் வெட்டிவிட்டு வந்து, தட்டு நிறையச் சோறு உண்டவர். அந்தத் தட்டை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம், நடையை விட்டுவிட்டோம். அதற்காகச் சோற்றைப் பகையாக்க வேண்டியதில்லை. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்துதான். நானும் இனிப்புநீர்க்காரிதான், ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து, கீரையும் மீனும் சாப்பிட்ட பிறகே சோற்றைத் தொடுவேன். நீங்கள் மேடு ஏறும் நாளில் மட்டும் அப்படிச் செய்து பாருங்களேன்.

செம்மண்மேடு:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு 11 மணிக்குத் தலை சுற்றியபோது சோதித்தேன், 3.7. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பின் 5.2க்கு வந்தது. நாளை காலை வேலைக்கு விடுப்பு, கிளினிக்குக்குப் போகிறேன்.