மழைக்கு ‘ஆரூடம்’ போடலாமா?

பிழைதிருத்தி:
ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி வந்த தலைப்பு: ‘இந்த ஆண்டு பருவமழை குறையும்: வானிலை மையம் ஆரூடம்’. நான் ‘கணிப்பு’ என்று திருத்தினேன். துணையாசிரியர் திரும்பவும் ‘ஆரூடம்’ ஆக்கிவிட்டார். இரண்டும் நாலெழுத்துதான், ஆரூடத்தில்தான் கெத்து இருக்கிறது என்கிறார். இரண்டும் ஒன்றா?

சோழிப்பை:
ஒன்றில்லை. எங்கள் பெரியப்பா ஆரூடம் பார்த்தவர். ஜாதகக் கட்டோடு வருகிறவர்களை வேறு ஜோசியரிடம் அனுப்பிவிடுவார். “பொறந்த நேரம் எதுக்கு? நீ கேட்ட நேரம் போதும்.” மாட்டைத் தொலைத்தவர் வந்து நின்றால், முதலில் கடிகாரத்தைப் பார்த்துச் சிலேட்டில் மணி எழுதுவார். அப்புறம், “நூத்தியெட்டுக்குள்ள ஒரு நம்பர் சொல்லு.” ராசி 12, ராசிக்கு 9 நவாம்சம் (ராசியை ஒன்பதாகப் பிரித்த பங்கு), ஆக 108. சொன்ன எண் எந்த ராசியில் விழுகிறதோ அது ஆரூட லக்னம், பலன் சொல்லத் தொடங்கும் ராசி. வடமொழியில் ‘ஆரூட’ என்றால் ஏறி அமர்ந்த என்று பொருள். கேள்வி ஏறி உட்கார்ந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆள் இல்லாமல் ஆரூடம் இல்லை. மழையைப் பற்றி வானிலை மையத்திடம் யார் எண் சொன்னது?

மாடு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைத்தவர்கள் வாழைத்தாரோடு வந்தார்கள், மற்றவர்கள் வரவே இல்லை. அதனால் பெரியப்பா கணக்கில் எல்லா மாடும் கிடைத்துவிட்டது.

நாலாம்பக்கம்:
இன்னொன்று, ‘சும்மா ஆரூடம் சொல்லாதே’ என்று நாம் சொல்லும்போது அதில் ஒரு நக்கல் இருக்கிறது. கணிப்பு என்றால் கையில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று தோன்றும். (அந்தக் காலத்துக் கணியனும் நாள் பார்த்துச் சொன்னவர்தான், அது வேறு கதை.) மழைக்கு ‘முன்னறிவிப்பு’ இருக்கவே இருக்கிறது.

கன்றுக்குட்டி:
மாடு என்றதும் விரிச்சி (தற்செயலாகக் காதில் விழும் சொல்லைச் சகுனமாக எடுத்துக்கொள்வது) நினைவுக்கு வருகிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நல்ல சொல் காதில் விழக் காத்து நிற்பார்கள். அங்கே ஓர் ஆயர்மகள், தவிக்கும் கன்றிடம் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அவள் சொன்னது மேயப்போன பசுக்களை. இவர்கள் எடுத்துக்கொண்டது போருக்குப் போன தலைவனை!

பிழைதிருத்தி:
துணையாசிரியரிடம் பெரியப்பா கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ‘முன்னறிவிப்பு’ போட்டுவிட்டார். இடம் போதாமல் ‘இந்த ஆண்டு’ பறந்துவிட்டது.